வாத்தியாருக்கு வைத்த பரீட்சை

அக்டோபர் 8, புதன்

சுபிக்ஷாவின் காலாண்டுப் பேப்பர் வந்தது. கணக்கில் பத்தொன்பது. நூற்றுக்குத்தான். தமிழில் எண்பத்தொன்று, அறிவியலில் அறுபத்தெட்டு வாங்கத் தெரிந்த கழுதைக்குக் கணக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. என் ரத்தம்தானே அது? விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். எந்த ரேட்டைச் சொன்னாலும் மூட்டைக் கணக்கை மனசிலேயே போட்டு, மெஷினைத் தட்டுகிறவன் விரலை எடுக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். முதலாளி என்னைத் தங்கேஸ்வரன் என்று கூப்பிட்டதே கிடையாது. கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவார்.

கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள், போனேன். பிரின்சிபால் அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர்கள் பள்ளிக்கூடம் பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சியாம். அரையாண்டில் கணக்கில் ஐம்பது வாங்கவில்லை என்றால், நாங்களே விருப்பப்பட்டு டி.சி. கேட்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதித் தந்துவிட வேண்டுமாம். பொதுத்தேர்வை வெளியிலிருந்து தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்கிறார். எல்.கே.ஜி.யிலிருந்து அங்கே படிக்கிற பிள்ளை. சுபி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நல்ல டியூஷன் வாத்தியாராகப் பிடிக்க வேண்டும். நாளையிலிருந்து அதுதான் வேலை.

அக்டோபர் 9, வியாழன்

கடையில் ஆளுக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். எல்லாருக்கும் அவனவன் மச்சினன்தான் நல்ல வாத்தியார். இந்த விளையாட்டெல்லாம் என்னிடம் நடக்காது. லாரியில் இருநூறு மூட்டை உளுந்து வந்தால் இருநூறையும் பிரித்தா பார்க்கிறோம்? குத்தூசியை ஒரு குத்துக் குத்தி, கையில் விழுகிற நாலு பருப்பைப் பார்த்தால் சரக்கு தெரிந்துவிடும். வாத்தியாருக்கும் அதே வைத்தியம்தான். ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும்.

சுபியின் கைடைப் புரட்டி, நட்சத்திரம் போட்ட ஐந்து மார்க் கணக்கு ஒன்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டேன். "ஒரு பேருந்து 180 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 9 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால், பயண நேரம் 1 மணி நேரம் குறைந்திருக்கும். எனில் பேருந்தின் வேகம் என்ன?"

விடை கைடின் பின்பக்கத்தில் இருக்கிறது. 45. நான் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் துவரை லாரி வந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். சீட்டை வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்துப் படம் பிடித்தான். எதுக்கு தம்பி என்றேன். செல்லே விடை சொல்லிவிடுமாம். அப்படியானால் நான் செல்லுக்கே டீ கொடுத்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரி விஜயராணிக்கு என் மேல் கோபம். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் இப்படியா பேசுவீங்க என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் முனகிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று வந்தவள் பெனிட்டா. எம்.எஸ்ஸி. கணக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள், அரசாங்க வேலைக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். விஜயராணிக்குத் தெரிந்த பெண். இருபத்தைந்து வயசுதான் இருக்கும்.

சீட்டை நீட்டினேன். வாங்கி இரண்டு தடவை படித்தாள். போடாமல், சுபியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கடைசியாக எங்கே போனாய் என்று கேட்கிறாள். மதுரைக்கு என்றாள் சுபி. டிரைவர் வேகமாக மிதித்தால் மதுரை வர நேரம் கூடுமா குறையுமா என்கிறாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கணக்கைப் போடச் சொன்னால் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறாள். இடையில் ஒரு தடவை, "இரு, நான் தப்பா ஆரம்பிச்சிட்டேன்," என்று தான் எழுதியதைத் தானே அடித்தாள். அங்கேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கால் மணி நேரம் ஆனது. கடைசியில் 36 என்றாள்.

கைடைத் திருப்பிக் காட்டினேன். 45. அந்தப் பெண் முகம் மாறவில்லை. கைடில் தப்பு இருக்கலாம் சார், நீங்களே ஒரு வாட்டி சரிபாருங்களேன் என்று பேனாவை என் பக்கம் நீட்டினாள். அச்சடித்த புத்தகம் தப்பு, நீ சரியா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன் போல. காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால் சுபி அவள் விட்டுப்போன தாளில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன கோலமா போடுகிறாய் என்று அதட்டினேன். தாளை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மோட்டார் மறுபடியும் தண்ணீர் ஏற்றவில்லை. ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

கிடைத்துவிட்டார். சௌந்தரபாண்டி சார். அவர் வீட்டு மொட்டைமாடியில் தகரம் போட்டு அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சீட்டிலிருந்து "ஒரு பேருந்து நூற்றியெண்பது கிலோமீட்டர்" என்று படிக்க ஆரம்பித்ததுமே, "நாப்பத்தஞ்சு அண்ணாச்சி" என்றார். பேனாவையே தொடவில்லை. மனுஷன் என்றால் இவர் மனுஷன். எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி மூளை, எழுதிப் பார்க்கிற ஜாதி இல்லை. அரையாண்டில் அறுபதுக்குக் குறையாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இதோ எழுதி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சுபியிடம், "பாத்தியா, நாப்பத்தஞ்சுன்னு பட்டுனு சொல்லிட்டார்," என்றேன். சரிப்பா என்றாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

சுபி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடையோடு உட்கார்ந்து பன்னிரண்டு கணக்கு எழுதினாள். அப்புறம்தான் இட்லி.

நவம்பர் 7, வெள்ளி

சாரின் டெஸ்டில் எழுபத்திரண்டு. கடை முழுக்கச் சொன்னேன். முதலாளி அல்வா வாங்கிவரச் சொன்னார்.

சாருடைய முறை எளிமையானது. கைடில் உள்ள கணக்கு ஒவ்வொன்றையும் பத்து தடவை எழுத வேண்டும். பதினோராவது தடவை பார்க்காமல் எழுத வேண்டும். பிள்ளை நாலு நோட்டு முடித்துவிட்டாள். ஆள்காட்டி விரலில் காய்ப்பு விழுந்துவிட்டது.

விஜயராணிக்கு மட்டும் திருப்தி இல்லை. சுபி கணக்கைச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கிறாளாம். பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள் "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்க்கிறாளாம். அதனால் என்ன, மண்டையில் ஏறினால் சரி என்றேன்.

நவம்பர் 22, சனி

எண்பத்து நாலு!

சுபிக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். காலையில் சீக்கிரம் சாப்பிடச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

வீட்டில் சண்டை. எட்டாவதோடு நின்ற விஜயராணி வாத்தியாருக்கே வாத்தியார் ஆகப் பார்க்கிறாள். மத்தியானம் கைடில் ஒரு சின்னக் கணக்கை எடுத்து, அதில் இருந்த 12-ஐ 20 என்று மாற்றி எழுதி சுபியிடம் கொடுத்தாளாம். சுபி மாற்றியதைக் கவனிக்காமல் பழைய விடையையே எழுதினாளாம். "இவ கணக்கு போடலைங்க, நெட்டுருப் போடறா. அந்தப் பெனிட்டாவையே கூப்பிடுங்க," என்றாள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளை மனசைக் கலைக்கிறாயா என்று கத்தினேன். பின்னே, நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுவார்களா?

சுபியைக் கூப்பிட்டு, உனக்குப் புரிந்துதானே எழுதுகிறாய் என்று கேட்டேன். ஆமாப்பா என்றாள். அவளே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன.

இதை எழுதும்போது ஏனோ படபடப்பாக இருக்கிறது. பி.பி. மாத்திரை போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

கணக்குப் பரீட்சை முடிந்தது. வாசலில் காத்திருந்தேன். பாதிக் கணக்கு கைடில் இல்லாதது என்றாள். பிறகு சொன்னாள், பஸ் கணக்கு அப்படியே வந்திருக்கிறது என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாத்தியாருக்கு வைத்த கணக்கு என் மகளுக்கே வந்திருக்கிறது. நாற்பத்தைந்து எழுதினாயா என்றேன். கொஞ்சம் நின்று, எழுதிட்டேன்ப்பா என்றாள். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சைக் களைப்பு.

ஜனவரி 6, செவ்வாய்

நாற்பத்தேழு.

மூன்று மார்க். மூன்றே மூன்று மார்க்கில் பிள்ளையை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். பேப்பரை வரிவரியாகப் பார்த்தேன். பஸ் கணக்கில் சிவப்பு மையால் அடித்து ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். கைடோடு ஒத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான், விடையும் 45. அந்த மூன்றைச் சேர்த்தால் சரியாக ஐம்பது. திருத்தியவளுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதற்கு என் மகள் பலியா? நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். கைடோடு போகிறேன். வேண்டாம்ப்பா என்று சுபி அழுதாள். உனக்காகத்தான் போகிறேன், வாயை மூடு என்றேன்.

ஜனவரி 7, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரின்சிபால் அறையில் சுபியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கைடை மேஜையில் விரித்துப் போட்டு, உங்கள் டீச்சர் செய்தது அநியாயம் என்று ஆரம்பித்தேன். என்னவெல்லாமோ பேசினேன். கல்வி அலுவலகம் வரைக்கும் போவேன் என்றேன். பிரின்சிபால் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான, அமைதியான பெண்பிள்ளை. கைடைப் பார்த்தார், சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"நீங்க மனக்கணக்கு நல்லா போடுவீங்கன்னு சுபிக்ஷா சொல்லியிருக்கா சார். நூத்தியெண்பது கிலோமீட்டர், மணிக்கு நாப்பத்தஞ்சு. எவ்வளவு நேரம்?"

"நாலு மணி," என்றேன்.

"ஒன்பது கூட்டிப் போனா?"

"ஐம்பத்து நாலு. மூணு மணி இருபது நிமிஷம்."

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

நாற்பது நிமிஷம். வாய்வரைக்கும் வந்துவிட்டது, வெளியே வரவில்லை. ஒரு மணி நேரம் குறைய வேண்டும் என்றுதானே கேள்வி. முப்பத்தாறை நானே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறில் ஐந்து மணி. ஒன்பது கூட்டினால் நாற்பத்தைந்து, நாலு மணி. கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டேன். மூன்று மாசமாகச் சட்டைப்பையிலேயே சீட்டை வைத்துக்கொண்டு திரிந்தவன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். நான் கைடின் பின்பக்கத்து விடையை மட்டும்தான் பார்த்தேன். எக்ஸ், ஒய் என்று எழுதியிருந்தாலே எனக்குப் பயம். ஒன்பதாவதில் அந்தப் பயத்தில்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இதை விஜயராணியிடம்கூடச் சொன்னதில்லை.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பிரின்சிபால் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, திங்கட்கிழமைக்குள் கடிதம் வேண்டும், அதற்குப் பிறகு பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் போய்விடும் என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வழியில் கரும்புச்சாறு கடையில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுபிதான் முதலில் பேசினாள். பெனிட்டா அக்கா போன அன்றைக்கே அந்தத் தாளில் சரிபார்த்தாளாம். முப்பத்தாறுதான் வந்ததாம். அவளாகவே போட்டுச் சரியாக வந்த முதல் கணக்கு அதுதானாம்.

"பின்னே ஏன்டி பரீட்சையில நாப்பத்தஞ்சு எழுதின?"

"நீங்க நாப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க. சாரும் சொன்னார். புக்லயும் இருக்கு. மூணு பேரும் சொன்னப்புறம் எனக்கு வந்தது எப்படிப்பா சரியா இருக்கும்?"

ரோட்டில் நின்று அழுதேன். கரும்புக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 8, வியாழன்

கடையில் யாரோ கால்குலேட்டர் என்று கூப்பிட்டான். திரும்பிப் பார்க்காமல் மூட்டையை எண்ணினேன். சௌந்தரபாண்டி சாரைப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கைடில் இருக்கிற விடையைத்தானே நான் அவரிடம் கேட்டேன், அவர் கொடுத்தார்.

ஜனவரி 9, வெள்ளி

பெனிட்டாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஒருத்தருக்குப் பட்டா நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் நின்றேன். நிற்க வேண்டியதுதான். கடைசியில் என்ன சார் என்றாள்.

"முப்பத்தாறுதாம்மா. அன்னிக்கு நான் பேசுனது தப்பு. எனக்குக் கணக்குத் தெரியாது."

ஒரு வாக்கியத்துக்கு இத்தனை கனமா? அந்தப் பெண் உடனே இளகிவிடவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை சார், தப்பு கைடில்தான் என்று தெரிந்தும் தூங்கவில்லை, உங்க பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்றாள்.

பிறகு, வருகிறேன் என்றாள். கைடு வீட்டில் இருக்கக் கூடாதாம். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாசம்தான் இருக்கிறது, மார்க்குக்கு உத்தரவாதம் தர முடியாது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "நானும் அவளும் தப்புத் தப்பாதான் போடுவோம். போட்டுப் போட்டு அடிப்போம். நீங்க நடுவுல வரக் கூடாது."

ஜனவரி 11, ஞாயிறு

வெள்ளைத்தாள் மேஜையில் கிடக்கிறது. விஜயராணி அதன் மேல் எதையும் வைக்காமல் சுற்றித் துடைக்கிறாள். வெளியே போய் எழுதினாலும் பரீட்சை பரீட்சைதானே என்று முதலாளி சொன்னார். இருக்கலாம். மானம் மரியாதையோடு போய்விடலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. சுபியிடம் கேட்டேன், இவ்வளவு நாளில் முதல் தடவையாக. போக மாட்டேன்ப்பா என்றாள். சொல்லிவிட்டாள்.

ஜனவரி 12, திங்கள்

காலை பத்து மணிக்குப் பிரின்சிபால் அறை. தாளை மேஜையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லையே என்றார்.

"எழுத மாட்டேம்மா. நாங்க விருப்பப்பட்டுப் போறோம்னு எழுதச் சொல்றீங்க. அது பொய். அவ பேரு பட்டியல்ல இருக்கணும்."

பன்னிரண்டு வருஷத்துப் பேர் உங்கள் பெண்ணால் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். குரல் ஏறியது. வழக்கமாக எனக்கும் ஏறும். இன்று ஏறவில்லை. மூன்று மார்க் போனதற்கு நான் பொறுப்பு, அதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ஃபெயிலானால் என்ன செய்வீர்கள் என்றார். இங்கேயே படித்து ஃபெயிலாகட்டும் அம்மா, நீங்கள் எழுதித் தரச் சொன்னதை மட்டும் நான் தர மாட்டேன் என்றேன். நாங்கள் எழுதித் தராமல் அவராகப் பேரை எடுக்க முடியாதே. மணியை அடித்து கிளார்க்கைக் கூப்பிட்டு, சுபிக்ஷா பேரைச் சேர்த்துவிடுங்கள் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுக்க முடிந்தது.

சாயங்காலம் பெனிட்டா வந்தாள். சொன்னபடி நான் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கதவு சாத்தியிருந்தாலும் ஜன்னல் திறந்திருந்தது. ஒரு மணி நேரமாகப் பென்சில் சத்தமும் தாள் கிழிகிற சத்தமும்தான். பிறகு சுபியின் குரல் கேட்டது.

"அக்கா, நீங்க போட்டது தப்பு."

நான் எழுந்துவிட்டேன். உள்ளே போய் யார் சரி என்று பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. கதவு வரைக்கும் போய், தொடாமல் நின்றேன்.

"எங்க? காட்டு," என்றாள் பெனிட்டா.

"மூணாவது வரி. இங்க மைனஸ் வரணும்."

மறுபடியும் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது.

"ஆமாடி. தப்புதான். நீ போடு."

சுபி போட ஆரம்பித்தாள். விஜயராணி காபியோடு வந்தாள். கதவைத் திறக்க வேண்டாம், கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்துவிட்டோம்.